பிப்ரவரியில் ஜெயித்த பாட்டு மே மாதம் தோற்பது ஏன்? யூரோவிஷன் தேர்வுப் போட்டிகளைப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1973 பிப்ரவரி. ஐரோப்பிய நாடுகள் வருடா வருடம் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு ஸ்வீடனிலிருந்து எந்தப் பாட்டை அனுப்புவது என்று முடிவு செய்யும் மெலோடிஃபெஸ்டிவாலன் போட்டி. 'ரிங் ரிங்' என்ற பாட்டோடு இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் வந்தார்கள். குழுவுக்கென்று ஒரு பெயர்கூட இல்லை, நாலு பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்லித்தான் அழைக்க வேண்டியிருந்தது. நிபுணர்கள் அடங்கிய ஜூரி அந்தப் பாட்டுக்கு மூன்றாம் இடம் கொடுத்து அனுப்பிவிட்டது. அடுத்த ஆண்டு அதே நால்வர் 'வாட்டர்லூ'வோடு திரும்பி வந்து தேர்வில் ஜெயித்தார்கள். 1974 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் யூரோவிஷனையும் ஜெயித்தார்கள். அதற்குள் குழுவுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. கேட்கிறபடியே தமிழில் எழுதினால் 'அப்பா' என்று ஆகிவிடும் என்பதால் 'ஆபா' என்றே எழுதிவிடுகிறேன்.

இந்தக் கதையைச் சொல்லி, "பார்த்தீர்களா, ஜூரிக்கு ஒன்றும் தெரியாது" என்று முடிப்பவர்கள் நிறையப் பேர். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் கவனித்தேன், 1973இல் ஆபாவை ஒதுக்கிவிட்டு ஜூரி அனுப்பிய பாட்டு யூரோவிஷனில் ஐந்தாம் இடம் பிடித்திருக்கிறது. இத்தனை வருடம் கலந்துகொண்டும் ஐந்தாம் இடத்தைக் கண்ணால் பார்க்காத நாடுகள் இருக்கின்றன. ஆக அந்த ஜூரி அப்படியொன்றும் காது கேளாத கூட்டம் இல்லை.

தேர்வுப் போட்டிகளைப் பார்க்கும்போது நாம் செய்கிற தவறுகளில் பாதி இப்படிப்பட்டவைதான். பின்னால் நடந்ததை வைத்து முன்னால் நடந்ததற்குத் தீர்ப்பு எழுதுகிறோம். வீட்டுக்குள் நடக்கும் ஒரு போட்டியை, வெளியே நடக்கப்போகும் இன்னொரு போட்டியின் ஒத்திகை என்று நினைத்துக்கொள்கிறோம்.

முதலில் இது என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். யூரோவிஷன் 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 7 நாடுகளோடு தொடங்கியது. 2025இல் 37 நாடுகள் கலந்துகொண்டன. ஒரு நாட்டுக்கு ஒரு பாட்டு. அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது அந்தந்த நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியின் பொறுப்பு. சில நாடுகளில் நாலு சுவருக்குள் உட்கார்ந்து முடிவு செய்து அறிவித்துவிடுவார்கள். சில நாடுகளில் அதுவே பெரிய திருவிழா. ஸ்வீடனில் மெலோடிஃபெஸ்டிவாலன் ஊர் ஊராகப் போய், வாரா வாரம் சனிக்கிழமை நடக்கும். இத்தாலியின் சான்ரெமோ விழா 1951இலேயே தொடங்கியது, யூரோவிஷனுக்கே முன்மாதிரி அதுதான். அல்பேனியா டிசம்பரிலேயே தன் விழாவை முடித்துவிடும். ஸ்பெயினில் (2025 வரை) பெனிடார்ம் ஃபெஸ்ட், போர்ச்சுகலில் ஃபெஸ்டிவல் டா கன்சாவ், பின்லாந்தில் யூஎம்கே என்று மார்ச் வரை ஒரே களைகட்டல்தான். ஸ்வீடன் இறுதிச்சுற்று நம் இந்திய நேரப்படி நள்ளிரவு 12:30க்கு ஆரம்பிக்கும். டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, வீட்டில் யாரும் எழுந்துவிடாமல் பார்ப்பது ஒரு தனிக் கலை.

பாடகரைப் பார்த்துப் பாட்டுக்கு மார்க் போடுவது

நம் டிவி பாட்டுப் போட்டிகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தவறு ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. நம் போட்டிகளில் பாட்டு ஏற்கெனவே ஹிட்டான சினிமாப் பாட்டு. போட்டியிடுவது குரல். சுருதி விலகியதா, சங்கதி சரியாக விழுந்ததா என்று நடுவர்கள் பார்ப்பார்கள், நாமும் அதையே பார்ப்போம்.

யூரோவிஷன் தேர்வில் பாட்டு புதுசு. முந்தைய ஆண்டு செப்டம்பர் 1க்கு முன் வணிக ரீதியாக வெளிவந்திருக்கக் கூடாது. 3 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. யாருக்கும் பழக்கமில்லாத ஒரு பாட்டு, ஒரே தடவை கேட்டதும் மனதில் உட்கார வேண்டும். நல்ல குரல் அதற்கு உதவும், அவ்வளவுதான்.

இதற்கு ஸ்வீடன் பாடகி லோரீன் கதையைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். 2011இல் மெலோடிஃபெஸ்டிவாலனுக்கு வந்தார், இறுதிச்சுற்றுக்கே போகவில்லை. 2012இல் 'யூஃபோரியா'வோடு வந்து தேர்வில் ஜெயித்து, பாகுவில் நடந்த யூரோவிஷனை 372 புள்ளிகளோடு வென்றார். 2017இல் மறுபடி வந்தார், மறுபடி இறுதிச்சுற்றுக்கு முன்னாலேயே வெளியேற்றம். 2023இல் 'டாட்டூ'வோடு வந்தார், லிவர்பூலில் 583 புள்ளிகள், இரண்டாவது யூரோவிஷன் வெற்றி. இரண்டு முறை ஜெயித்த முதல் பெண் அவர்தான். நாலு தடவையும் அதே குரல், அதே மேடை வசியம். மாறியது பாட்டு மட்டும்.

2017இல் அவர் பெயரைப் பார்த்ததுமே "இந்த வருஷம் முடிஞ்சுது" என்று நண்பர்களிடம் பந்தயம் கட்டியவன் நான். பந்தயம் ஒரு வேளை பிரியாணி. கொடுத்தேன்.

சதவீதத்தைப் பார்த்துக் கொதிப்பது

இந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பிப்ரவரியும் ஏதாவது ஒரு நாட்டில் இது நடக்கிறது. மிகப் பெரிதாக நடந்தது 2022 ஜனவரி 29 அன்று, ஸ்பெயினில்.

பெனிடார்ம் ஃபெஸ்டின் முதல் ஆண்டு அது. மூன்று பேருக்குள்தான் போட்டி. டான்ஷுகெய்ராஸ் என்ற மூன்று பெண்கள், கையில் பண்டெரெட்டா என்ற கஞ்சிரா மாதிரியான வாத்தியம், ஸ்பெயினின் வடமேற்கில் பேசப்படும் காலிசிய மொழியில் 'டெர்ரா' என்ற பாட்டு. இரண்டாவது ரிகோபெர்டா பண்டினி, தாய்மையைக் கொண்டாடும் 'ஆய் மாமா'. மூன்றாவது சானெல், 'ஸ்லோமோ'. இது முழுக்க முழுக்க நடனப் பாட்டு, ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்த வரிகள்.

மக்கள் ஓட்டில் டான்ஷுகெய்ராஸுக்கு 70 சதவீதத்துக்கு மேல். சானெலுக்குச் சுமார் 4 சதவீதம். ஜெயித்தது சானெல்.

நாடே கொந்தளித்தது. அரசியல் கட்சிகள் நாடாளுமன்றம் வரை கொண்டுபோயின. சானெல் மேல் வசைமழை பொழிந்ததில் அவர் ட்விட்டரை விட்டே விலகிவிட்டார். பாவம், அவர் செய்த குற்றம் நன்றாக ஆடியது மட்டும்தான்.

கணக்கு எங்கே இடித்தது? மொத்த மதிப்பில் பாதி ஜூரிக்கு. மீதியில் பாதி நேரடி மக்கள் ஓட்டுக்கு, இன்னொரு பாதி புள்ளியியல் முறைப்படி தேர்ந்தெடுத்த பொதுமக்கள் குழுவுக்கு. இதுவரை எல்லோரும் அறிவிப்பில் படித்திருந்தார்கள். படிக்காமல் விட்டது, மக்கள் ஓட்டு எப்படிப் புள்ளியாக மாறுகிறது என்பதை. ஓட்டுச் சதவீதத்துக்கு ஏற்றபடி புள்ளிகளைப் பங்கு போடவில்லை. முதலிடத்துக்கு 30, இரண்டாமிடத்துக்கு 25, மூன்றாமிடத்துக்கு 20 என்று வரிசைப்படிதான் கொடுத்தார்கள். டான்ஷுகெய்ராஸுக்கு 70 சதவீத ஓட்டுக்கு 30 புள்ளி. சானெலுக்கு 4 சதவீத ஓட்டுக்கு, மூன்றாமிடம் என்பதால், 20 புள்ளி. மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் வெறும் 10 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. ஜூரியிலோ சானெலுக்கு 51, டான்ஷுகெய்ராஸுக்கு 30. எல்லாம் கூட்டினால் சானெல் 96, ரிகோபெர்டா 91, டான்ஷுகெய்ராஸ் 90. மக்கள் ஓட்டில் அடித்து நொறுக்கியவர்கள் மூன்றாமிடம்.

ஆகவே உங்களுக்குப் பிடித்த பாட்டுக்காகக் கொதிப்பதற்கு முன்னால், அந்த நாட்டில் ஓட்டு எப்படிப் புள்ளியாகிறது என்று பாருங்கள். ஸ்வீடனில் செயலி வழியாக ஓட்டுப் போடுபவர்களை வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வயதுப் பிரிவையும் தனி ஜூரி மாதிரி எண்ணுகிறார்கள். அங்கே பதின்வயதுப் பிள்ளைகள் எத்தனை லட்சம் தடவை தட்டினாலும் அது அவர்கள் பிரிவின் ஓட்டு மட்டும்தான். முறை சரியா தப்பா என்று விவாதிக்கலாம். ஆனால் முறையே தெரியாமல் "தில்லுமுல்லு" என்று கத்துவதில் பிரயோஜனமில்லை. நிஜமான தில்லுமுல்லும் நடந்திருக்கிறது: 2012இல் பெலாரஸ் தேர்வில் ஓட்டுகளில் கை வைத்திருப்பது தெரியவந்து, ஜெயித்தவரை நீக்கிவிட்டு லைட்சவுண்ட் என்ற குழுவை அனுப்பினார்கள். ஸ்பெயினில் நடந்தது அது இல்லை.

சானெல் கதையின் இரண்டாம் பாகம் மே 14 அன்று இத்தாலியின் டூரின் நகரில். பாட்டின் கடைசிப் பகுதியில் இசை மட்டும் ஓடும், சானெலும் நடனக்காரர்களும் மூச்சு விடாமல் ஆடும் இடம் வரும். அங்கே அரங்கம் எழுந்த சத்தம் டிவியிலேயே கேட்டது. 459 புள்ளிகள், மூன்றாமிடம், 1995க்குப் பிறகு ஸ்பெயினுக்குக் கிடைத்த மிக நல்ல இடம். திட்டிய வாயெல்லாம் ஒரே ராத்திரியில் வாழ்த்தியது. 'டெர்ரா' போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னும் மேலேகூட வந்திருக்கலாம், யார் கண்டது. சானெலின் மூன்றாமிடத்தைக் காட்டி ஜூரி சொன்னதுதான் சரி என்று இப்போது அடித்துப் பேசுகிறவர்கள், ஆபாவைக் காட்டி ஜூரியைத் திட்டுகிறவர்களின் பங்காளிகள்.

போன வருட வெற்றியை அச்செடுப்பது

இந்தத் தவறைப் பார்வையாளர்களும் செய்கிறார்கள், அனுப்புகிற தொலைக்காட்சிகளும் செய்கின்றன. போர்ச்சுகல் 1964இல் முதன்முதலாகக் கலந்துகொண்டு பூஜ்யம் வாங்கியது. அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு ஆறாமிடத்தைத் தாண்டியதே இல்லை. 2016இல் போட்டிக்கே போகவில்லை. ஒரு வருடம் உட்கார்ந்து யோசித்து, தேர்வு முறையை மாற்றினார்கள். இசையமைப்பாளர்களை நேரடியாக அழைத்து, உங்களுக்குப் பிடித்த பாட்டை எழுதுங்கள் என்றார்கள். அப்படி அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் லூயிசா சோப்ரால். அவர் எழுதியதைப் பாடியது தம்பி சல்வடோர்.

2017 கீவ் நகர இறுதிச்சுற்று ஞாபகமிருக்கிறது. மற்றவர்களுக்கு நெருப்பு, புகை, ராட்சத எல்இடி திரை. சல்வடோர் பெரிய மேடைக்கே போகவில்லை, பார்வையாளர்களுக்கு நடுவில் இருந்த சின்ன வட்டத் திட்டில் நின்றார். உடம்புக்குப் பெரிதாகத் தொளதொளவென்று ஒரு கோட்டு. கைகள் காற்றில் எதையோ தேடுவது மாதிரி அசைந்தன. போர்ச்சுகீசிய மொழியில், வால்ட்ஸ் என்ற நடனத் தாளத்தில் ஒரு மெதுவான பாட்டு. 758 புள்ளிகள். அந்தச் சாதனை இன்னும் உடைபடவில்லை.

அடுத்த ஆண்டு லிஸ்பனில், சொந்த மண்ணில் போட்டி. அதே முறை, அழைக்கப்பட்ட இசையமைப்பாளர்கள், அமைதியான போர்ச்சுகீசியப் பாட்டு. 26 பேரில் 26ஆம் இடம். பாட்டு மோசமா என்று கேட்டால், எனக்கு இன்றைக்கும் அது பிடிக்கும். தாத்தாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு பேரன் வந்து நிற்பதுபோல் இருந்தது, அதுதான் விஷயம். சல்வடோர் மற்ற எல்லோரிலிருந்தும் வேறாகத் தெரிந்ததால் ஜெயித்தார். வேறாக இருப்பதை இரண்டாவது தடவை செய்தால் அது வேறாக இருக்காது.

ஐஸ்லாந்தின் டாடி ஃப்ரேயர் 2017இல் வீட்டில் தைத்த மாதிரி ஒரு பச்சை ஸ்வெட்டர், கையில் பொம்மை வாத்தியம் என்று வந்து தேர்வில் இரண்டாமிடம் வாங்கினார். அந்த வருடம் யூரோவிஷனுக்குப் போன பாட்டு அரையிறுதியைத் தாண்டவில்லை. 2020இல் திரும்பி வந்தவர் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. அதே ஸ்வெட்டர், அதே கோமாளித்தனம், ஆனால் பல மடங்கு நல்ல பாட்டு. தேர்வில் ஜெயித்தார், பாட்டு உலகமெங்கும் பரவியது, கொரோனாவால் அந்த வருட யூரோவிஷனே ரத்து. 2021இல் வேறு பாட்டோடு நாலாமிடம். ஜெயித்த அடுத்தவனைப் பார்த்து எழுதாமல் தன் பாணியையே தீட்டிக்கொண்டே வந்தவர்களைத் தேர்வுப் போட்டிகளில் தேடிப் பிடித்துக் கேளுங்கள். மூன்றாமிடம், நாலாமிடங்களில்தான் பெரும்பாலும் கிடைப்பார்கள்.

"உள்ளூர்ப் பாட்டு, வெளியே எடுபடாது"

2025 மெலோடிஃபெஸ்டிவாலனில் எல்லோரும் ஜெயிப்பார் என்று நினைத்தது 2015 யூரோவிஷனை வென்ற மான்ஸ் செல்மர்லோவ். ஜெயித்தது காய் என்ற மூன்று பேர். அவர்கள் ஸ்வீடன்காரர்களே இல்லை, பின்லாந்தின் வோரா என்ற சின்ன ஊரிலிருந்து வந்த, ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மையினர். பாட்டு ஸானா என்ற நீராவிக் குளியலைப் பற்றியது. மேடையில் மரத்தால் ஒரு ஸானா அறை, சுடுகல், இடுப்பில் துண்டு கட்டிய ஆட்கள். பேச்சு வழக்கு அவர்கள் ஊர்ப் பேச்சு வழக்கு, ஸ்டாக்ஹோம்காரருக்கே கொஞ்சம் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். கோயம்புத்தூர்க் கொங்குத் தமிழில் ஒரு பாட்டு சென்னையில் போய்ப் போட்டியை வென்ற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வீடன் தன் சொந்த மொழியில் பாட்டு அனுப்பியது 1998க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 1977 முதல் 1998 வரை அவரவர் மொழியில்தான் பாட வேண்டும் என்று விதி இருந்தது. 1999இல் விதியைத் தளர்த்தியதும் எல்லோரும் ஆங்கிலத்துக்கு ஓடினார்கள், ஸ்வீடன் அதில் முன்வரிசை. காய் பாட்டு சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் 321 புள்ளிகளோடு நாலாமிடம் வந்தது. பந்தயக்காரர்கள் முதலிடம் என்று சொல்லியிருந்தார்கள். அவர்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம் என்பதற்கு இதையே உதாரணமாக வைத்துக்கொள்ளலாம்.

இதோடு ஒட்டியதுதான் காமெடிப் பாட்டு விவகாரம். சிரிப்புப் பாட்டு என்றாலே தூக்கி எறிபவர்கள் ஒருபக்கம், சிரிப்பு வந்தால் போதும் என்று ஓட்டுப் போடுபவர்கள் மறுபக்கம். அயர்லாந்து 7 தடவை ஜெயித்த நாடு. 2008இல் அவர்கள் மக்கள் ஓட்டில் தேர்ந்தெடுத்து அனுப்பியது டஸ்டின் என்ற வான்கோழி பொம்மையை. அரையிறுதியோடு ஊருக்குத் திரும்பியது. வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்த டிவி பொம்மை என்பதால் சிரிப்பு வந்தது, வெளியே இருந்தவர்களுக்கு அது வெறும் வான்கோழி. பின்லாந்து 2006இல் அரக்கர் முகமூடி போட்ட லோர்டி குழுவை அனுப்பியது. நாட்டின் மானம் போச்சு என்று உள்ளூரில் புலம்பல். 292 புள்ளிகளோடு பின்லாந்தின் முதல் வெற்றி, 1961இல் கலந்துகொள்ள ஆரம்பித்ததிலிருந்து 45 வருடக் காத்திருப்பு. முகமூடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாலும் லோர்டியின் பாட்டு பாட்டாக நிற்கும். அந்த ஒரு சோதனை போதும்: கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், எதுவும் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு வடிவத்தைக் கேட்டுவிட்டு முடிவு கட்டுவது

தேர்வில் கேட்ட பாட்டும் மே மாதம் மேடையேறும் பாட்டும் பல சமயம் ஒன்றாக இருக்காது. சான்ரெமோவில் இன்னும் நிஜமான ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிறது. யூரோவிஷனில் ஆர்கெஸ்ட்ரா 1998 பர்மிங்காமோடு முடிந்துபோனது, இப்போது எல்லாம் ஒலித்தடம்தான். வயலின்கள் உயிரோடு எழும்பி வந்த இடத்தில் பென் டிரைவ் பாடும். போதாததற்கு சான்ரெமோ பாட்டுகள் 3 நிமிடத்துக்கு மேல் இருக்கும், வெட்ட வேண்டும். 2021இல் மோனஸ்கின் குழு பாட்டைச் சுருக்கியதோடு, கெட்ட வார்த்தைகளையும் எடுத்துவிட்டுத்தான் ரோட்டர்டாம் போனது. அது அவர்களைப் பாதிக்கவில்லை, 524 புள்ளிகளோடு ஜெயித்தார்கள்.

அல்பேனியாதான் இந்த விஷயத்தில் நெஞ்சைப் படபடக்க வைக்கும். டிசம்பரில் ஆர்கெஸ்ட்ராவோடு, அல்பேனிய மொழியில், நிதானமாக ஒரு பாட்டு ஜெயிக்கும். நமக்குப் பிடித்துப்போகும். அப்புறம் யூரோவிஷனுக்காகச் செப்பனிடுகிறோம் என்று எடுத்துப்போவார்கள். பல வருடங்கள் அது ஆங்கில வரிகளோடு, டிஸ்கோ தாளத்தோடு, அடையாளம் தெரியாமல் திரும்பி வந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன் பியூட்டி பார்லர் போய்வந்த பெண்ணை மாப்பிள்ளைக்கே அடையாளம் தெரியாத கதை. அவர்களுடைய மிக நல்ல முடிவு 2012இல் ரோனா நிஷ்லியூ வாங்கிய ஐந்தாமிடம். அவர் அல்பேனிய மொழியிலேயே பாடினார் என்பதை அந்தத் தொலைக்காட்சியில் யாராவது சுவரில் எழுதி வைக்கலாம்.

இன்னொரு பக்கம், ஸ்டுடியோவில் பதிவான பாட்டை மட்டும் ஹெட்போனில் கேட்டு வரிசை போடும் பழக்கம். ஒரு காலத்தில் நானும் எக்செல் தாள் வைத்திருந்தேன், 10க்கு எத்தனை மார்க் என்று. யூரோவிஷனில் பின்னணிக் குரல்களை 2021 முதல் பதிவு செய்து ஓட்டலாம், ஆனால் முன்னணிக் குரல் நேரடியாகத்தான் பாட வேண்டும். மேடையில் 6 பேருக்கு மேல் நிற்கக் கூடாது. ஸ்டுடியோவில் 40 குரல் அடுக்கிய கோரஸ், நேரில் மூச்சிரைக்கும் ஒற்றைக் குரலாகும்போது என்ன ஆகிறது என்பதைத் தேர்வு மேடையிலேயே பார்த்துவிடலாம். பார்க்காமல் நான் போட்ட மார்க்குகளை நினைத்தால் இப்போது சிரிப்புதான். 2023இல் பின்லாந்துப் பாடகர் காரியாவுக்கு எக்செலில் 6 கொடுத்தேன். மரப்பெட்டிக்குள்ளிருந்து அடைத்து வைத்த கோழி மாதிரி வெடித்து வெளியே வந்து, பச்சை நிற புஸ்புஸ் கை வைத்த மேலாடையோடு அந்த மனிதர் ஆடியதைப் பார்த்தபின் தாளையே மூடிவிட்டேன். மக்கள் ஓட்டில் மட்டும் 376 புள்ளிகள் வாங்கினார். மொத்தத்தில் லோரீனுக்கு அடுத்த இடம்.

பூஜ்யம் வாங்கினால் பூஜ்யம் என்று நினைப்பது

ஒவ்வொரு நாடும் தன் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குத்தான் புள்ளி கொடுக்கிறது. எல்லா நாட்டிலும் பதினோராவதாக வந்தாலும் பூஜ்யம்தான், எல்லா நாட்டிலும் கடைசியாக வந்தாலும் பூஜ்யம்தான். யாருக்கும் வெறுப்பில்லாத, யாருக்கும் உயிருமில்லாத பாட்டுக்கு இது எமன். 2003இல் பிரிட்டனின் ஜெமினி மாதிரி நேரலையில் சொதப்பி வாங்கிய பூஜ்யமும் உண்டு, 1978இல் நார்வேயின் யான் டைகன் வாங்கியது மாதிரியும் உண்டு. அவர் பாட்டு பாரிஸில் ஒரு புள்ளிகூட வாங்காமல் திரும்பி, நார்வேயில் பெரிய ஹிட்டானது. அந்த மனிதர் மனம் தளராமல் அப்புறம் இன்னும் இரண்டு தடவை நாட்டுக்காகப் போய் வந்தார். நார்வேயில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் வயசானவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

ஜெயித்தவர் போவார் என்று நம்புவது

2015 மார்ச்சில் ஜெர்மனியின் தேர்வு. ஆண்ட்ரியாஸ் கும்மர்ட் பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தார். தொகுப்பாளர் வாழ்த்துச் சொல்லி, மறுபடி பாடச் சொல்லும் நேரம். அவர் நேரலையிலேயே, எனக்கு வேண்டாம், இரண்டாவதாக வந்தவருக்கே கொடுத்துவிடுங்கள் என்றார். அரங்கில் ஒரே கூச்சல். பக்கத்தில் நின்ற ஆன் சோஃபி திகைத்துப்போனார். அவர்தான் வியன்னா போனார். பூஜ்யம். போட்டியை நடத்திய ஆஸ்திரியாவுக்கும் அன்று பூஜ்யம், அது அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்குமோ தெரியாது.

சான்ரெமோவில் இது வழக்கமே. ஜெயித்தவருக்கு யூரோவிஷன் போகும் உரிமை உண்டு, கட்டாயம் கிடையாது. 2025இல் ஜெயித்த ஒல்லி மறுத்துவிட்டார், இரண்டாவதாக வந்த லூச்சியோ கோர்சி போய் ஐந்தாமிடம் வாங்கினார். 2019இல் உக்ரைன் தேர்வில் ஜெயித்த பாடகி மாருவுக்கும் தொலைக்காட்சிக்கும் ஒப்பந்தத்தில் ஒத்துவரவில்லை. அந்த வருடம் உக்ரைன் போட்டியிலிருந்தே விலகியது.

அதே உக்ரைனில் 2022 பிப்ரவரி 12. தேர்வை ஜெயித்தவர் அலினா பாஷ். மக்கள் ஓட்டில் முதலிடம் கலுஷ் ஆர்கெஸ்ட்ராவுக்கு, ஆனால் ஜூரி ஓட்டைச் சேர்த்தால் இரண்டாமிடம். கலுஷ் தரப்பு முறைகேடு என்று குரல் எழுப்பியது. சில நாட்களில், ரஷ்யா 2014இல் பிடித்துக்கொண்ட கிரிமியாவுக்கு அலினா 2015இல் போய்வந்தது பற்றிய ஆவணத்தில் சிக்கல் கிளம்பி, அவர் விலகிக்கொண்டார். பிப்ரவரி 22 அன்று கலுஷ் ஆர்கெஸ்ட்ரா போவதாக முடிவானது. இரண்டு நாள் கழித்துப் போர். அம்மாவுக்காக எழுதப்பட்ட 'ஸ்டெஃபானியா' என்ற அந்தப் பாட்டு மே மாதம் டூரினில் ஒலித்தபோது, பிப்ரவரி 12 அன்று கேட்ட காதுகளுக்குக்கூட அதே பாட்டாகக் கேட்டிருக்காது. மக்கள் ஓட்டில் மட்டும் 439, மொத்தம் 631 புள்ளிகள், முதலிடம். நம்மூரில் மணி விடிகாலை நாலரையைத் தாண்டியிருந்தது, பால்காரர் வண்டிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.